ஒரே தவறு, இரண்டு தராசு

வியாபாரம் செய்யும் எவருக்கும் கடைத் திறப்பின் பெறுமதி தெரியும். கடையில் பத்துப் பேர் வேலை செய்தாலும் திறப்பு ஒருவரிடமோ இருவரிடமோதான் இருக்கும். அதைக் கையில் கொடுக்கும் முன் அவருடைய குடும்பம், பழக்கவழக்கம், கடன், சேர்க்கை எல்லாவற்றையும் விசாரிக்கின்றோம். கொடுத்த பின்னரும் ஒரு கண் வைத்திருக்கின்றோம். அந்தத் திறப்பைத் திருப்பி வாங்குவதற்கு வழக்கு வைக்க வேண்டியதில்லை. நம்பிக்கை போய்விட்டால் அதுவே போதும்.

ஐக்கிய அமெரிக்க அரசாங்கமும் தனது இரகசியங்களுக்கு இப்படியொரு திறப்பை வைத்திருக்கிறது. அதன் பெயர் 'செக்கியூரிட்டி கிளியரன்ஸ்', அதாவது பாதுகாப்பு அனுமதி. படைவீரர், விஞ்ஞானி, எழுதுவினைஞர், அரசாங்கத்துக்கு ஒப்பந்த வேலை செய்யும் தனியார் கம்பனி ஊழியர் என ஏறக்குறைய 40 இலட்சம் பேர் இந்த அனுமதியைப் பெற்றுள்ளனர். இந்த அனுமதியைப் பெற நீண்டதொரு படிவத்தை நிரப்ப வேண்டும். இருந்த வீடுகள், பார்த்த தொழில்கள், வெளிநாட்டுத் தொடர்புகள், கட்டாத கடன்கள் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். பின்னர் விசாரணையாளர்கள் வந்து அயலவரிடமும் மேலதிகாரியிடமும் கேட்டறிவார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டுப் பெறும் அனுமதியை இழக்க நாட்டைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதில்லை. காரியாலயக் கணனியைத் தவறாகப் பயன்படுத்தினாலே போதும். இதற்கு இரண்டு பெரிய மனிதர்களின் கதைகள் உள்ளன. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை. தவறும் ஏறத்தாழ ஒன்றுதான். முடிவுகளோ மலைக்கும் மடுவுக்கும் போல வேறுபட்டவை. கணனி வைத்துத் தொழில் செய்யும் நமக்கு அந்த வேறுபாட்டில் ஒரு பாடம் இருக்கிறது.

பணிப்பாளரின் வீட்டுக் கணனி

ஜோன் டொய்ச் என்பவர் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் இரசாயனவியல் பேராசிரியராக இருந்தவர். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தில் இரண்டாவது இடத்தில் பணியாற்றிய பின்னர், 1995 மே மாதம் சீ.ஐ.ஏ. எனப்படும் மத்திய புலனாய்வு முகவரகத்தின் பணிப்பாளரானார். அந்நாட்டின் இரகசியங்கள் அனைத்துக்கும் காவலர் என்று சொல்லத்தக்க பதவி அது. 1996 டிசம்பர் நடுப்பகுதியில் பதவியை விட்டு விலகினார்.

அவர் விலகிய ஓரிரு நாட்களில், மேரிலான்ட் மாநிலத்திலிருந்த அவருடைய வீட்டுக்கு முகவரகத்தின் கணனி நிபுணர் ஒருவர் சென்றார். அங்கே இருந்தது அரசாங்கம் வழங்கிய மெகின்டொஷ் கணனி. இரகசியமற்ற வேலைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கணனியில் உயர்ந்த தரத்து இரகசிய ஆவணங்கள் இருப்பதை அவர் கண்டார். அதே கணனி மோடம் ஊடாக இணையத்துடனும் தொடுக்கப்பட்டிருந்தது. வீட்டிலிருந்த மற்றவர்களும் அதனைப் பயன்படுத்தியிருந்தனர்.

முகவரகத்தின் பொதுப் பரிசோதகர் பின்னர் விரிவான அறிக்கையொன்றைத் தயாரித்தார். அதன் பகிரங்கப் பிரதி 2000 பெப்ரவரியில் வெளிவந்தது. டொய்ச்சின் நினைவு அட்டைகளிலிருந்தும் வன்தட்டுகளிலிருந்தும் ஏறத்தாழ 17,000 பக்கங்கள் மீட்கப்பட்டதாக அதில் கூறப்பட்டது. அவர் தினந்தோறும் எழுதிவந்த குறிப்புகளும் அவற்றில் அடங்கும். எந்த எதிரியும் அவற்றை எடுத்துச் சென்றதாகச் சான்று கிடைக்கவில்லை. எவரும் எடுக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை.

டொய்ச் எவருக்கும் இரகசியம் விற்றவரல்லர். தனக்குப் பழக்கமான கணனியில், வீட்டிலிருந்தவாறே, தன் வசதிப்படி வேலை செய்ய விரும்பினார். அவருடைய குற்றம் இவ்வளவுதான். ஆனால் இரகசியத் தாளைக் காரியாலயத்துக்கு வெளியே கொண்டு போகும் சாதாரண எழுதுவினைஞரும் இதே 'வசதி' என்ற காரணத்தைத்தான் சொல்வார். அப்படிச் சொல்பவரை அந்த முகவரகம் மன்னிப்பதில்லை.

இந்த விடயம் அதிகாரிகளுக்கு 1996 டிசம்பரிலேயே தெரிந்துவிட்டது. இருந்தும் நீதித் திணைக்களத்துக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது 1998 இல்தான். விசாரிக்க வேண்டியவர்கள் அனைவரும் நேற்றுவரை அவருக்குக் கீழே இருந்தவர்கள். யாருக்கும் அவசரம் வரவில்லை. 1999 ஏப்ரலில் வழக்குத் தொடுப்பதில்லை என்று நீதித் திணைக்களம் முடிவு செய்தது. அதே ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில், அவருக்குப் பின் பதவிக்கு வந்த ஜோர்ஜ் டெனட் அவருடைய பாதுகாப்பு அனுமதியை இடைநிறுத்தினார். தவறு கண்டுபிடிக்கப்பட்டு இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகுதான் திறப்பு திருப்பி வாங்கப்பட்டது.

அத்துடன் கதை முடியவில்லை. கண்டனங்கள் எழுந்ததால் 2000 ஆம் ஆண்டில் சட்டமா அதிபர் ஜனட் ரீனோ விடயத்தை மீண்டும் ஆராயச் செய்தார். டொய்ச் செனட் குழு முன்னிலையில் தன் தவறுக்கு வருத்தம் தெரிவித்தார். சிறு குற்றமொன்றை ஏற்றுக்கொள்வதற்கு 2001 ஜனவரியில் அவர் இணங்கினார். ஆனால் அது நீதிமன்றத்துக்கு வரும் முன்னரே, ஜனவரி 20 ஆம் திகதி, தனது பதவியின் கடைசி நாளில், ஜனாதிபதி பில் கிளின்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார்.

விஞ்ஞானியின் நாடாக்கள்

மற்றவர் வென் ஹோ லீ. தாய்வானில் பிறந்து அமெரிக்கப் பிரஜையானவர். நியூ மெக்சிகோ மாநிலத்தின் லொஸ் அலமோஸ் அணுவாயுத ஆய்வுகூடத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். அணுகுண்டின் செயற்பாட்டைக் கணனியில் கணிக்கும் நிரல்களை எழுதுவது அவருடைய வேலை.

1990 களில் அவர் அந்த நிரல்களைப் பாதுகாக்கப்பட்ட கணனிப் பகுதியிலிருந்து திறந்த வலையமைப்புக்கு மாற்றி, அங்கிருந்து எடுத்துச் செல்லக்கூடிய நாடாக்களில் பிரதி செய்திருந்தார். கணனி பழுதாகித் தன் உழைப்பு அழிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பிரதி எடுத்ததாக அவர் சொன்னார். கணனியில் கணக்கு வைத்து, ஒருமுறையாவது அது பழுதாகி எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு இந்தக் காரணம் விளங்கும். எனினும் அது விதிமீறல்தான். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் அவருக்கு நடந்தது என்ன? சீனாவுக்கு அணு இரகசியங்கள் போய்விட்டன என்ற பரபரப்பு அப்போது அமெரிக்கப் பத்திரிகைகளில் நிறைந்திருந்தது. சந்தேகம் லீயின் மீது விழுந்தது. 1999 மார்ச்சில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். டிசம்பரில் 59 குற்றச்சாட்டுகளுடன் கைதானார். பிணை மறுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 60.

இறுதியில் உளவு பார்த்தார் என்ற குற்றச்சாட்டு அவர் மீது கொண்டுவரப்படவே இல்லை. 2000 செப்டெம்பரில் ஒரேயொரு குற்றச்சாட்டை அவர் ஏற்றுக்கொண்டார். மற்ற 58 உம் கைவிடப்பட்டன. அவரை விடுதலை செய்த நீதிபதி ஜேம்ஸ் பார்க்கர், அவர் சிறையில் நடத்தப்பட்ட விதத்துக்காகத் திறந்த நீதிமன்றத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவருடைய அந்தரங்கத் தகவல்கள் ஊடகங்களுக்குக் கசிய விடப்பட்டமை தொடர்பான வழக்கில், அரசாங்கமும் ஐந்து ஊடக நிறுவனங்களும் சேர்ந்து 16 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்த 2006 இல் இணங்கின.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் இரகசியத்தை, அது இருக்கக்கூடாத கணனியில் வைத்தார்கள். ஒருவர் பேராசிரியர், அமைச்சர்களின் நண்பர், முகவரகத்தின் தலைவர். மற்றவர் புலம்பெயர்ந்து வந்தவர், முகத்திலேயே அந்நியர் என்ற அடையாளத்தைச் சுமந்தவர். பொருள்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சரிசமம் என்று சொல்ல முடியாது. அணுவாயுத நிரல் பாரதூரமானது, காணாமற்போன நாடாக்கள் பற்றிய கேள்விக்கும் பதில் தேவைப்பட்டது. இருந்தும் ஒருவருக்கு விசாரணை தொடங்கவே வருடக்கணக்கானது. மற்றவருக்குத் தீர்ப்புக்கு முன்னரே தண்டனை வந்தது. இந்த ஒப்பீட்டை லீக்காகக் குரல் கொடுத்தவர்கள் அந்த நாட்களிலேயே அமெரிக்காவில் பகிரங்கமாகச் செய்தார்கள்.

எழுத்தில் உள்ள அளவுகோல்

அமெரிக்காவில் இதற்கு எழுதப்பட்ட அளவுகோல் இல்லாமலில்லை. பாதுகாப்பு அனுமதி வழங்குவதற்கும் மறுப்பதற்கும் 13 வழிகாட்டிகள் உள்ளன. அவற்றில் கடைசியானது கணனியைப் பற்றியது. 2017 ஜூன் மாதத்தில் அந்த 13 உம் திருத்தப்பட்ட வடிவில் நடைமுறைக்கு வந்தன.

அனுமதியின்றி ஒரு கணனித் தொகுதிக்குள் நுழைவது, தகவலை மாற்றுவது அல்லது அழிப்பது, இரகசியத் தகவலை அனுமதியற்ற கணனிக்குக் கொண்டு போவது, தடை செய்யப்பட்ட மென்பொருளையோ கருவியையோ பொருத்துவது ஆகியன அதில் குறைகளாகச் சொல்லப்பட்டுள்ளன. மேலதிகாரி எச்சரித்த பின்னரும் தொடரும் கவனயீனமும் ஒரு குறைதான். தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் கேள்வி எழும்.

சிறு பென் டிரைவ் ஒன்றுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று சிலர் கேட்கலாம். 2008 இல் மத்திய கிழக்கிலிருந்த அமெரிக்கப் படைத்தளமொன்றில் ஒரு மடிக்கணனியில் செருகப்பட்ட அப்படியான ஒரு கருவியின் ஊடாகவே பென்டகனின் வலையமைப்புக்குள் வைரஸ் புகுந்தது. இதன் பின்னர் 2008 நவம்பரில் அத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதே தடை செய்யப்பட்டது. ஒருவருடைய சிறிய வசதிக்கு ஒரு நாட்டின் முழுப் படையும் விலை கொடுத்தது.

அதே வழிகாட்டியில் மன்னிப்புக்கும் இடமிருக்கிறது. தவறு நடந்து நீண்ட காலம் ஆகியிருந்தால், அல்லது மீண்டும் நடக்க வாய்ப்பில்லாத சூழ்நிலையில் நடந்திருந்தால் அது கருத்தில் எடுக்கப்படும். தவறு சிறியதாகவும், நிறுவனத்தின் வேலை திறமையாக நடக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே செய்யப்பட்டதாகவும் இருந்தாலும் அவ்வாறே. சரியான பயிற்சி கொடுக்கப்படாமலோ, விதி தெளிவாகச் சொல்லப்படாமலோ இருந்தால் ஊழியர் மீது மட்டும் பழி போடப்படுவதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது, தெரியாமல் தவறு செய்துவிட்டு, உடனே நல்லெண்ணத்துடன் அதைத் திருத்தி, உரியவர்களுக்கு அறிவித்தவருக்குக் கிடைக்கும் சலுகை.

மறைத்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. பொய் சொல்வதற்கு வேறொரு வழிகாட்டியே இருக்கிறது. கணனியில் செய்த தவறைச் சமாளித்திருக்கக்கூடிய ஒருவர், விசாரணையில் அதை மறைத்தால் இரண்டு குற்றங்களுக்குப் பதில் சொல்ல நேரிடும். பின்னதுதான் பெரும்பாலும் பாரமானது.

சந்தேகம் வந்தால் யார் பக்கம்?

இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் போகும். பாதுகாப்பு அனுமதி விடயத்தில் அது தலைகீழாகும். சந்தேகம் இருந்தால் நாட்டின் பாதுகாப்பின் பக்கமே தீர்மானம் எடுக்கப்படும். பாதுகாப்பு அனுமதி எவருக்கும் உரிமையாகாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1988 இல் கடற்படை ஊழியர் ஒருவரின் வழக்கில் தெளிவாகச் சொன்னது.

எனினும் காரணம் சொல்லாமல் எவரையும் வெளியே தள்ள முடியாது. பாதுகாப்புத் திணைக்களத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்தக் கம்பனி ஊழியர் ஒருவருடைய அனுமதியை நீக்க எண்ணினால், முதலில் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர் 20 நாட்களுக்குள் பதில் எழுதலாம். நிர்வாக நீதிபதி ஒருவர் முன்னிலையில் விசாரணை கேட்கலாம். மேன்முறையீடும் உண்டு. 1959 இல் உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பே இதற்கு வழி திறந்தது. தன்னைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று அறிய முடியாமலே தொழிலை இழந்த பொறியியலாளர் ஒருவர் தொடுத்த வழக்கு அது.

இந்த ஏற்பாடு இருந்தாலும் அனுமதி போனவரின் நிலை பரிதாபமானது. அரசாங்க ஒப்பந்தம் செய்யும் கம்பனி, அனுமதி உள்ளவருக்கு மட்டுமே அந்த வேலையில் சம்பளம் கேட்க முடியும். அனுமதி இல்லாதவரை வைத்திருக்க அதற்குக் கட்டாது. வொஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள பகுதிகளில் இந்த அனுமதியைக் கேட்கும் வேலை விளம்பரங்கள் ஏராளம். அந்தக் கதவுகள் எல்லாம் ஒரே நாளில் மூடிவிடும். வீட்டுக் கடன் கட்ட வேண்டும், பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கிறது. டொய்ச் அனுமதியை இழந்தபோது அவருக்குப் பேராசிரியர் கதிரை இருந்தது. சாதாரண ஊழியருக்கு அப்படியொரு கதிரை இல்லை.

நம் கடைக் கணனிக்கும் இதுவே

அமெரிக்காவின் அணு இரகசியம் நமது கடைகளில் இல்லை. ஆனால் நமக்கும் இரகசியங்கள் உள்ளன. எந்தச் சாமான் என்ன விலைக்கு இறக்குமதியாகிறது, யாருக்கு எவ்வளவு கடன், எந்த வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம் என்ன என்பதெல்லாம் இன்று பேரேட்டில் இல்லை, கணனியில் இருக்கின்றன. பேரேட்டைக் களவாடினால் அது இருந்த இடம் வெறுமையாக இருக்கும். கணனியிலிருந்து எடுத்தால் எடுத்த சுவடே கடைக்காரனுக்குத் தெரிவதில்லை.

நம் நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிக் கணனிக்குள் நுழைவதைக் குற்றமாக்கியுள்ளது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேற்றப்பட்டுள்ளது. ஆனால் சட்டம் வருவது களவு போன பிறகு. அதற்கு முன் செய்ய வேண்டியவை நம் கையில் உள்ளன.

முதலாவது, விதியை எழுதி வையுங்கள். யார் எந்தக் கணக்கைப் பார்க்கலாம், கணனியில் எதைப் பொருத்தக்கூடாது, வீட்டுக்கு எதைக் கொண்டு போகக்கூடாது என்பதை ஒரு தாளில் எழுதி ஊழியருக்கு வாசித்துக் காட்டுங்கள். சொல்லாத விதிக்காக ஒருவரைத் தண்டிப்பது அநியாயம். அமெரிக்க வழிகாட்டியே அதை ஒப்புக்கொள்கிறது.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடவுச்சொல் கொடுங்கள். கடை முழுவதும் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தால் தவறு நடக்கும் நாளில் குற்றவாளியையும் கண்டுபிடிக்க முடியாது, நிரபராதியையும் காப்பாற்ற முடியாது. வேலையை விட்டுப் போகிறவருடைய கடவுச்சொல்லை அன்றே நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது, தவறை ஒப்புக்கொண்டு வருபவருக்கு வழி வைத்திருங்கள். 'முதலாளி, கோப்பை அழித்துவிட்டேன்' என்று அன்றே வந்து சொல்பவனை எல்லோர் முன்னிலையிலும் ஏசினால், அடுத்த முறை எவனும் வந்து சொல்லமாட்டான். மறைத்தால் தண்டனை, சொன்னால் திருத்தம் என்ற ஒழுங்கு இருந்தால் நட்டம் சிறியதாக இருக்கும்போதே நமக்குத் தெரியவரும்.

நான்காவது, சந்தேகம் வந்தவுடன் திறப்பை வாங்கி வையுங்கள். ஆனால் காரணத்தைச் சொல்லுங்கள், அவருடைய பதிலையும் கேளுங்கள். நம்பிக்கையைத் திருப்பி எடுப்பது முதலாளியின் உரிமை. 'கள்ளன்' என்று பெயர் வைப்பது வேறு விடயம். அந்தப் பெயர் ஊர் முழுவதும் போகும், அடுத்த கடையில் வேலை கிடைக்காமல் செய்யும், குமர்ப் பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வரைக்கும் நிற்கும். ஒன்பது மாதச் சிறைக்குப் பிறகு ஒரு நீதிபதி மன்னிப்புக் கேட்டார். நம் ஊர்களில் அப்படிக் கேட்பவர்கள் குறைவு.

கடைசியாகச் சொல்ல வேண்டியதே கடினமானது. மேலே சொன்ன விதிகளை முதலில் மீறுபவர் பெரும்பாலும் முதலாளியாகவோ அவருடைய வீட்டாராகவோதான் இருப்பார். கடைக் கணனியை இரவில் வீட்டுக்குக் கொண்டு போய் பிள்ளைகள் விளையாட விடுவது யார்? மச்சானுக்குக் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லிக் கொடுப்பது யார்? மருமகன் செய்தால் 'அவர் நம்ம ஆள்' என்று விட்டுவிட்டு, அதையே தூரத்து ஊரிலிருந்து வந்து கடையில் தங்கி வேலை செய்யும் பொடியன் செய்தால் பொலிசுக்குப் போவது யார்? ஊழியர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கடையின் உண்மையான விதி, தாளில் எழுதியதல்ல, முதலாளியின் மருமகனுக்கு எது பொருந்துகிறதோ அதுதான்.

வாங்கும்போது ஒரு தராசு, விற்கும்போது இன்னொரு தராசு வைத்திருப்பவனை நாம் வியாபாரி என்று சொல்வதில்லை. ஆட்களை நிறுக்கவும் அப்படித்தான். அமானிதமாகக் கொடுத்த திறப்பைத் தவறவிட்டவர் பணிப்பாளராக இருந்தாலும் பொடியனாக இருந்தாலும் ஒரே படிக்கல்லால் நிறுக்கப்பட வேண்டும். இன்று மாலை கடையைப் பூட்டும் முன்னர், உங்கள் கணனிக்குள் போக யார் யாரிடம் திறப்பு இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை உங்கள் சொந்த வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.